முந்நூறு கட்டைவிரல்கள்

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கிய தணிகாசலம் டீயை வாயில் வைப்பதற்குள், உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி வேதவல்லியோடு அவருடைய கேரவன் தானாகவே கிளம்பிவிட்டது. கையில் டம்ளரோடு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார். செல்போன் அடித்தது.

"ஏங்க, ஒழுகுற வண்டிக் கூரைய நீங்க அடைக்கவே இல்லைன்னு ஒரு எரிச்சல்ல, 'இந்த மனுஷன நடுவழியில இறக்கிவிட்டுரலாமா'ன்னு நேத்து ராத்திரி நம்ம கேரவன் குரூப்ல போட்டுத் தொலைச்சேன். இப்ப முந்நூறு பேர் கட்டைவிரல் காட்டிட்டாங்க!"

குரூப்பில் போட்ட யோசனைக்கு முந்நூறு கட்டைவிரல் விழுந்துவிட்டால் அந்தத் தானோட்டி வண்டி அதைச் செய்தே தீரும். அதை மாற்ற இன்னொரு முந்நூறு வேண்டும்.

"என் வண்டியைத் திருப்பிவிடலாமா?" என்று அவரும் அவசரமாக குரூப்பில் எழுதினார். பதில்கள் குவிந்தன. கும்பிடும் கைகள், அழும் முகங்கள், "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் சார்", ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று நடுவில் இரண்டு பேர் சண்டை வேறு போட்டார்கள். கட்டைவிரல் மட்டும் ஒன்றுகூட விழவில்லை.

"படிக்காமயே வெரலத் தூக்குற பழக்கத்த எந்த அறிவுகெட்டவன் மொதல்ல ஆரம்பிச்சு வச்சான்? பாத்துச் சொல்லு!" என்று போனில் கத்தினார்.

வேதவல்லி தன் பதிவுக்குக் கட்டைவிரல் காட்டியவர்களின் பட்டியலை முதல் பெயர் வரை தள்ளிப் பார்த்தாள்.

"காலைல ஆறு பத்துக்கு, பல்லு தேச்சிக்கிட்டே நீங்கதாங்க மொத வெரல போட்டிருக்கீங்க."