ஒரு நாள் முந்தி

எங்கள் ஊர்க்காரர் இருநூறு பேர் இணையத்தில் பதிவு எழுதிக்கொள்ள, வீட்டுக் கணினியில் ஒரு சொந்தச் சேர்வர் நடத்துகிறேன். வெளியில் உள்ள மற்றச் சேர்வர்களோடும் அது பேசும். முறைப்பாடுகளைத் தீர்ப்பதும் நான்தான். பாதி முறைப்பாடு காத்தான்குடி ஹிதாயா டீச்சருடையது.

"உதயரூபன் நடுவரைத் தூசணத்தால் ஏசியிருக்கிறார், அழிக்கவும்" என்று திங்கட்கிழமை அனுப்பியிருந்தார். தேடினேன், அப்படி ஒரு பதிவே இல்லை. வாழைச்சேனையில் மேட்ச் நடந்ததே செவ்வாய்க்கிழமைதான். தன் அணி தோற்ற பிறகுதான் உதயரூபன் ஏசி எழுதினான்.

இது ஏழாவது தடவை. டீச்சருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"இல்லாத பதிவுக்கு எப்பிடி டீச்சர் முறைப்பாடு போடுறீங்க?"

"கண்டதத்தானே தம்பி எழுதினன்."

எல்லாமே ஒரு நாள் முந்தி வருகிறது. நான் எதை அழிப்பது?

நேற்று வந்தது என்னைப் பற்றி. "நிர்வாகியிடம் எதைக் கேட்டாலும் பதில் இல்லை."

எனக்கு விசர் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது பதில் போடுகிறவன் நான்! இன்று காலை திரும்பவும் கோல் எடுத்தேன்.

"டீச்சர், நான் ஆருக்குப் பதில் போடல்ல? சொல்லுங்க பாப்பம்."

"ஹலோ... ஆரு? சத்தமே கேக்குதில்லையே."

என் போனில்தான் பிழை என்று குசினிக்குப் போனேன்.

"மேனுகா, உன்ட போனைக் கொஞ்சம் தா."

காதருகில் போய்க் கத்தியும் மனைவி திரும்பாமல் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.