முழுக்கைச் சட்டை

“நான் உள்ள போயி நின்னா, ரேவதி எந்திரிச்சு வருவாளா, பாப்பா?”

அந்த அம்மா கேட்டபோது பார்லர் பெண் கிண்ணத்தில் முகத்துக்குப் போடும் முல்தானி மட்டியைக் குழைத்துக்கொண்டிருந்தாள். பன்னீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

“நீ தெனமும் பாக்குறேல்ல. என்னால பாக்க முடியல.”

அவள் தினமும் பார்க்கிறாள். பார்லர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அது ஒன்றுதான். ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்து, சுற்றிலும் கேமரா வைத்து, யார் இருக்கலாம், யார் போகலாம் என்று ஊரை ஓட்டுப் போடச் சொல்லும் நிகழ்ச்சி.

அதில் ரேவா இருக்கிறாள்.

ரேவாவின் அம்மா இந்த நாற்காலியில் இருக்கிறாள். தெரிந்த முகம் இல்லாத ஊராகப் பார்த்து, பஸ் ஏறி வந்திருக்கிறாள். மகளை ரேவதி என்றுதான் சொல்கிறாள்.

இது குடும்பத்தார் உள்ளே போய்ப் பார்க்கிற வாரம். நாளை காலை சேனல் கார் வரும். முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் ரேவா அதைச் சொன்னாள். அம்மாவின் இரண்டாம் புருஷன் சின்ன வயதில் தன்னை என்ன செய்தான் என்று. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னதை. அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அரிசி களைந்ததை.

ஊரே பார்த்தது.

அந்த அம்மா கேட்டதற்குப் பதில் அவளிடம் இருந்தது. வாய்க்கு வரத்தான் நேரமாகும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அதனாலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது.

“ஃபேஸ் பேக் போட்டா பேசக் கூடாதுக்கா. வெடிச்சிரும்.”

கழுவும்போது சொல்லிக்கொள்ளலாம்.

நெற்றி. கன்னம். தாடை. கண்களின் மேல் நனைத்த பஞ்சு.

இனி அது யார் முகமும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பட்டுராணி வந்தாள். கீழே ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவள். கூடவே அவள் நாத்தனார் ஜெயசுதா. இருவருக்கும் புருவம் எடுக்க வேண்டும்.

உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

“நாளைக்கு ரேவாவோட அம்மா வருதாம்ல மதினி.”

“வரும், வரும். பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வரும். கட்டிப் புடிச்சு அழும். சேனல்காரன் பின்னால வயலின் வாசிப்பான்.”

“அவளும் லேசுப்பட்டவ இல்ல. ஓட்டுக்காகத்தான் எல்லாத்தையும் கொட்டுனா.”

“போடி இவளே. எவளாவது அதப் போயி ஓட்டுக்காகச் சொல்லுவாளா? பெத்தவளச் சொல்லு. அரிசி களைஞ்சாளாம். அந்தச் சோத்த அவனும்ல தின்னுருப்பான்.”

நாற்காலியில் இருந்தவள் மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

அவள் நூலைத் தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்து நின்றாள்.

ரேவாவின் இடது கையில் டாட்டூ இருக்கிறது. முழங்கைக்குக் கீழே, பெரிதாக. வந்த புதிதில் அதைக் காட்டி, “எங்கம்மா பாத்துச்சுன்னா கொன்னுரும்” என்று சிரித்தாள். இந்த வாரம், எனக்கு யாரும் வரவேண்டாம் என்று கேமராவிடமே சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வீட்டு வாசல் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும், மடித்துவிட்ட சட்டைக் கையை அவசரமாக இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானைப் போடுகிறாள். வந்தது வேறு யாருடைய அம்மாவோ என்று தெரிந்ததும், மறுபடி மடிக்கிறாள்.

அதை யாரும் பேசுவதில்லை. பட்டுராணியும் பார்த்திருப்பாள்.

“நான் சொல்றேன் பாருங்க மதினி,” என்றாள் ஜெயசுதா. “அந்தம்மா வந்து நின்னுச்சுன்னா, சரி சேந்துட்டாகன்னு எல்லாரும் மறந்துருவாக. ரேவா அவுட்டு. வரலைன்னு வைங்க, பெத்தவகூட எட்டிப் பாக்கலையேன்னு ஓட்டு கொட்டும். கப்பு அவளுக்குத்தான்.”

“வரலைன்னா நானே போடுவேன்.”

“என்னக்கா,” ஜெயசுதா நாற்காலியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

“அவங்க பேசக் கூடாதுக்கா,” என்றாள் அவள்.

“பேச வேணாம் தாயி. அந்தம்மா வரக் கூடாதுன்னா கையத் தூக்கட்டும்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

துணிக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை.

பிறகு கை மேலே வந்தது.

அரிசி களைந்து, பாத்திரம் தேய்த்துத் தடித்த விரல்கள். தோள் உயரத்தில் அப்படியே நின்றன. இறக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

“பாத்தியா, மெஜாரிட்டி நம்ம பக்கம்!” பட்டுராணி தொடையில் தட்டிச் சிரித்தாள்.

அவள் அந்த அம்மாவை முகம் கழுவக் கூட்டிப்போனாள். முகம் முழுக்க மண் காய்ந்து இறுகியிருந்தது. கண்ணோரங்களில் மட்டும் காயவே இல்லை.

குழாயைத் திறந்தாள்.

“அக்கா, அவ சட்டைக் கைய…”

அந்த அம்மா நிமிர்ந்தாள். முகத்திலிருந்து சேறாக நீர் சொட்டியது. கண்ணாடி வழியே அவள் வாயையே பார்த்தாள். காத்திருந்தாள்.

குழாய்ச் சத்தம். பின்னால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

“ஏ பாப்பா, நூல எடுத்துட்டு வா. கடைய அப்பிடியே போட்டு வந்துருக்கேன்.”

அவள் குழாயை மூடினாள்.

“ஒண்ணுமில்லக்கா.”

அந்த அம்மா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். நாற்காலிக்குக் கீழே குனிந்து பையை எடுத்தாள். பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள்; திரையில் சேனல் பெயர். அடிக்க விட்டாள்.

காதோரம் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. துடைத்துவிட அவள் துண்டோடு வாசல்வரை ஓடினாள்.

அதற்குள், ஒன்றும் பேசாமல், அந்த அம்மா படியிறங்கிப் போய்விட்டாள்.