பச்சைப் பொத்தான்

சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஆனாலும் வான்ரூ பச்சைப் பொத்தானைத்தான் அழுத்தினாள். லியாவ் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அவள் விட்ட சர்க்யூட் பலகை பெல்ட்டில் நகர்ந்து அவர் மேசைக்கு வந்தது. லென்ஸை இழுத்து வைத்துப் பார்த்தார். கடுகளவு கறுப்புச் சில்லு ஒன்று தலைமாறி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில், யாரோ பேனாவைத் தவறவிட்ட மாதிரி ஒரு நீலப் புள்ளி. கட்டைவிரலால் அதைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பலகையைத் தன் இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

தாவ்யுவான் நகரத்தில் அந்தத் தொழிற்சாலையின் மூன்றாவது வரிசை அது. மெஷின் சில்லுகளைப் பலகையில் பதிக்கும். மேலே இருக்கும் கேமரா ஒவ்வொன்றையும் பார்க்கும். சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கைப் போடும். வான்ரூ திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு அழுத்த வேண்டும். பச்சை வாங்கியதை லியாவ் கடைசியாக ஒரு தரம் பார்த்துப் பாக்கிங்குக்கு அனுப்புவார்.

அடுத்த மாதம் புதுக் கேமரா வருகிறது. அது வந்துவிட்டால் இந்த இரண்டு நாற்காலியில் ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"என்ன அண்ணே, காலையிலேர்ந்து என் முதுகையே பார்க்கறீங்க? ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா?"

"உன் முதுகை யார் பார்த்தா? கேமராவைப் பார்த்தேன். என்ன, இன்னிக்கு அடம் பண்ணாம ஓடுது?"

"ஓடாதா பின்னே? புதுப் பொட்டலம் வச்சிருக்கேனே!"

கேமராப் பெட்டியின் தலையில் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. மெஷின் சமர்த்தாக இருக்கட்டும் என்று அந்த ஊர்த் தொழிற்சாலைகளில் வைப்பதுதான். பச்சையாக இருக்கணும், தேதி தாண்டாமல் இருக்கணும்.

ஆனால் வான்ரூ அடிக்கடி அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் கையை விடுவதை லியாவ் கவனித்திருந்தார்.

"அதுக்குப் பின்னால என்னத்தைம்மா தேடறே?"

"தேதி பார்க்கிறேன். கெட்டுப்போனதை வச்சா மெஷின் கோவிச்சுக்கும்ல?"

"ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை தேதி மாறுதாக்கும்?"

வான்ரூ சிரித்துவிட்டாள். "உங்க கண்ணுலேர்ந்து எதுவும் தப்பாது அண்ணே!"

சிரிப்பைப் பார், என்று நினைத்துக்கொண்டார் லியாவ். வேணும்னே விடறாளா, இல்லை கண்ணுதான் மங்கிப் போச்சா? எதுவாக இருந்தால் என்ன, மிஞ்சுகிற நாற்காலி யாருக்கு என்பது முடிவாகிவிட்டது.

அன்றிலிருந்து அவர் கழுத்து அவள் பக்கமே திரும்பியிருந்தது. எப்போது சிவப்பு எரிகிறது, எப்போது அவள் விரல் பச்சைக்குப் போகிறது, எப்போது கை பொட்டலத்துக்குப் பின்னால் நுழைகிறது. பலகைகள் பாட்டுக்கு அவர் கைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன.

புதன்கிழமை இன்னொரு பலகை அகப்பட்டது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மூன்றாவது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, மூன்றையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மேனேஜர் பான் மேடத்தின் அறைக்குப் போனார்.

"சொல்ல மனசே வரலை மேடம். பதினோரு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்கறவ. ஆனா இதைக் கொஞ்சம் பாருங்க."

பான் மேடம் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். "இது என்னிக்குக் கிடைச்சுது?"

"திங்கக்கிழமை."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"ஒண்ணுன்னா கை தவறிடுச்சும்பா. மூணுன்னா வாயைத் திறக்க முடியாதுல்ல?"

"ஓகோ." அவள் போனை எடுத்து வான்ரூவைக் கூப்பிட்டாள்.

வான்ரூ வந்தாள். மேசையில் இருந்த பலகைகளைப் பார்த்தாள். முகத்தில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இந்த மூணும் நீ விட்டதுன்னு லியாவ் சொல்றார்."

"ஆமாம் மேடம், நான்தான் விட்டேன்."

"கேட்டுக்கிட்டீங்களா? அவ வாயாலேயே சொல்லிட்டா!" லியாவ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இருங்க லியாவ். இந்த வாரம் மொத்தமே மூணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? மூணே மூணு! இந்த வரிசையில ஒரு பலகைகூட என் கண்ணைத் தாண்டிப் போக முடியாது மேடம்."

பான் மேடம் ஒரு பெருமூச்சு விட்டாள். தன் இழுப்பறையைத் திறந்து, பாக்கிங்கிலிருந்து வந்திருந்த நாலு பலகைகளை எடுத்து அந்த மூன்றின் பக்கத்தில் வைத்தாள். நாலின் ஓரத்திலும் துடைக்கப்படாத நீலப் புள்ளி.

பொட்டலத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நீலப் பேனாவை வான்ரூ சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். லியாவின் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னாள்:

"மேடம் என்னை விடச் சொன்னது ஏழு, அண்ணே."