இருபத்திமூன்றாம் டோக்கன்

டோக்கன் மெஷினின் திரையில் அடுத்த எண் இருபது என்று காட்டியது. அவள் தள்ளி நின்று பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டாள்.

"நீங்க எடுத்துக்கிடுங்க."

மூன்று பேர் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

இருபத்திமூன்று.

மார்பில் ஒரு கட்டி. போன வாரம் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு ரிப்போர்ட். கூட வர ஆளில்லை.

சுவரோரம் உட்கார்ந்தாள். எதிரே, ஒரு காலத்தில் அவள் உட்கார்ந்திருந்த இடம். அங்கே இப்போது ஒரு பிளாஸ்டிக் செடி. தண்ணீர்கூடக் கேட்காது.

அப்போதெல்லாம் நோயாளிகளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். புது சாஃப்ட்வேர் வாங்கியதும் டாக்டர் எல்லோரையும் கூட்டிவைத்து, மாற்றத்துக்கு யாரும் பயப்படக் கூடாது என்று சொல்லி பிஸ்கட் கொடுத்தார். குரல் நன்றாயிருக்கிறதென்று அவளையே பேசவைத்துப் பதிவு செய்தார்கள். எக்ஸ்ரே அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க, ஒன்றிலிருந்து நூறு வரை.

பாவி மகள், பெருமையாகத்தான் சொன்னாள்.

அடுத்த மாதமே, கூப்பிட இனி ஆள் எதற்கு என்று அவளை அனுப்பிவிட்டார்கள். குரல் மட்டும் வேலையில் இருந்தது.

பதிவு செய்த அன்றைக்கு, இருபத்திமூன்றைச் சொல்லும்போது கதவிடுக்கில், வாடிக்கையாக வரும் கோமதியம்மாள் தெரிந்தார், வாக்கரைத் தள்ளிக்கொண்டு, அரக்கப் பரக்க. அவள் வாய் தானாகக் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. பதிவு செய்ய வந்தவன் கவனிக்கவில்லை. பிறகு யாரும் திருத்தவுமில்லை. இருபத்திமூன்று வந்தால் மீசைக்காரர்களையும் அது அம்மா என்றே கூப்பிட்டது. நோயை மறந்து எல்லோரும் சிரிப்பார்கள்.

இருபத்தொன்று போனது.

ஏசி குளிரில் கண் செருகியது. கண்ணாடிக்கு வெளியே பஸ்கள் சத்தமில்லாமல் மிதந்தன. பிளாஸ்டிக் செடி அசைவதுபோல இருந்தது. அதன் பின்னால் யாரோ உட்கார்ந்து பேர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலவும் இருந்தது.

இருபத்திரண்டு.

மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"டோக்கன் நம்பர் இருபத்திமூணு. பைய வாங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல."

யாரோ சிரித்தார்கள்.

எத்தனை பேரைக் கூப்பிட்டிருப்பாள். அவளை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

எழுந்திருக்கவில்லை.

ஆள் வராவிட்டால் மெஷின் இன்னொரு தடவை கூப்பிடும். அது அவளுக்குத் தெரியும்.

செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டு, காத்திருந்தாள்.