மூன்று ‘வாங்கோ’

“மூண்டு ‘வாங்கோ’ வந்தால் அது காதல் பாட்டில்லை, பஸ் கொண்டக்டர் ஆள் ஏத்திறது!” யோகநாதன் சிவப்புப் பேனாவைக் கட்டிலில் எறிந்தார்.

கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண வாழ்த்திலிருந்து, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கொடுக்கும் ‘கல்வெட்டு’ நினைவு மலர் வரை, நல்லதுக்கும் கெட்டதுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்த மனிதர். மனைவி நாகேஸ்வரி வாழ்க்கையில் முதல்முதலாக அவருக்கென்று எழுதிய இரண்டு வரிதான் இப்போது அவர் கையில் அகப்பட்டுச் சீரழிந்துகொண்டிருந்தது.

கடலோரம் காத்து நிற்பேன்
வாங்கோ வாங்கோ வாங்கோ

“முதல் அடியில இரண்டாம் எழுத்து ‘ட’. அடுத்த அடியில ‘ங்’. எதுகை எங்க? தளையும் தட்டுது. ஒரு ‘வாங்கோ’ காணும், மிச்சத்தை வெட்டும்.”

“வெட்டமாட்டன்.”

காலையிலிருந்து இதே சண்டை. நாகேஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கட்டிலை விட்டு எழும்பாத மனிதருக்கு வாய் மட்டும் குறையவில்லை. கத்தியதில் இருமல் வேறு.

எதிர் ஃபிளாட் சுபோதினி போனும் கையுமாக வந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

“காதல் கவிதையோ அன்ரி? இந்த வயசிலயும் கலக்கிறியள்! அங்கிள், உங்கட புத்தக அட்டைக்குப் படம் ரெடி. சோடியா நிண்ட வடிவான படத்தில ஏன் அன்ரியை வெட்டச் சொன்னனீங்கள்?”

“நான் மட்டும் காணும்.”

“சரியான கோபம் போல!” சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

யோகநாதன் மறுபடி பேனாவை எடுத்தார். “இதை எத்தினை பேர் வாசிப்பினம் தெரியுமே? என்ர பேர் கெடும். ஏன் மூண்டு? அதைச் சொல்லும்.”

“முந்திப் பின்னேரம் கடற்கரைக்கு நடக்கக் கூப்பிட்டால், முதல் ‘வாங்கோ’வுக்கு நீங்கள் நிமிர்றேல்லை. ரெண்டாவதுக்கு ‘ம்’ எண்டுவியள். மூண்டாவதுக்குத்தானே எழும்புறனீங்கள்?”

மூன்றாவது ‘வாங்கோ’வின் மேல் வைத்த பேனாவை அவர் எடுத்தார். ஆனால் பிழையைப் பார்த்தபின் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

“எண்டாலும், உதைத் திருத்தாமல் அச்சுக்கு விடமாட்டன்.”

நாகேஸ்வரி பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

“உங்கட முப்பத்தோராம் நாள் கல்வெட்டிலதானே இது வரப்போகுது? அப்ப திருத்த நீங்கள் இருக்கமாட்டியள்.”