ஆளுக்கு ஒரு காது

"ஃபிரிட்ஜ் கூலிங் ஆகலைன்னு போன் வந்துச்சுங்க" என்றார் மெக்கானிக். அப்படி ஒரு போன் அவருக்கு வரவே இல்லை.

கதவைத் திறந்த பாடகரின் மனைவி, அவரையும் அவர் தோளில் தொங்கிய டூல்ஸ் பையையும் ஒருமுறை பார்த்தாள். "இயர்போனா, சைக்கிளா?"

"என்னங்க?"

"பரவால்ல, உள்ள வாங்கண்ணே. நேத்து ஒருத்தர் கேஸ் அடுப்பு செக் பண்ணணும்னு வந்தார். முந்தாநாள் ஒருத்தர் கொசுவலைக்கு அளவெடுக்க வந்தார். ரெண்டு பேருமே, பாட்டுல வர்ற ஃப்ரெண்டு நான்தான்னு அழுதுட்டுப் போனாங்க. அளவெடுத்தவர் டேப்பைக்கூட மறந்துட்டார்."

எந்தப் பாட்டு என்று கேட்கிற ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பஸ்ஸில், சலூனில், பக்கத்து வீட்டு மாடியில் என்று இரண்டு மாதமாக அதே ராப்தான்.

"ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது,
உன் காது எங்க இப்போ, என் குரல் அங்க ஏறாது.
பிரேக் இல்லாத சைக்கிள்ல பின்னால நான்தானே,
ரெண்டடி தூரந்தான், ரெண்டு ஊரா ஆனோமே."

மெக்கானிக் நெஞ்சு நிமிர்ந்தது. "அழறதுக்கு வரலைங்க. நான் நிஜமாவே அந்த ஆளு. ஸ்கூல்ல அவன் பேரு வெடி, என் பேரு திரி. ஆண்டு விழாவுல மேடையேறினா நான் 'திரி ரெடி'ன்னு கத்துவேன், அவன் 'வெடி ரெடி'ன்னு கத்துவான். அப்புறம்தான் பாட்டே."

பையைத் துழாவி, வயர் பிய்ந்த பழைய இயர்போனை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு வருஷமாக அவரும் கூப்பிடவில்லை, வெடியும் கூப்பிடவில்லை. இந்தப் பாட்டு வந்த நாளிலிருந்து தினமும் ஷேவிங் கண்ணாடி முன்னால் நின்று வெடியை மன்னித்துக்கொண்டிருந்தார். "கண்ணாடியோட பேசினது போதும், நேர்ல போய்த் தொலைங்க" என்று வீட்டுக்காரி துரத்திவிட்ட பிறகுதான் வந்திருக்கிறார்.

"சைக்கிள்ல பின்னாடி உக்காந்தது யாருண்ணே?" என்றாள் பாடகரின் மனைவி.

"நான்தாம்மா. அவன் ஹேண்டில்பாரை யாருக்கு விட்டான்? பாட்டுல அவன் பின்னாடி உக்காந்த மாதிரி மாத்திப் போட்டிருக்கான். கலைஞன்னா அப்படித்தானே?"

"அவர் உள்ள ரெக்கார்டிங்ல இருக்கார். வர்ற வரைக்கும் ஃபிரிட்ஜைப் பாருங்க" என்று காட்டினாள்.

பொய் சொல்லி வந்தவருக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. ஃபிரிட்ஜ் நிஜமாகவே கூலிங் ஆகவில்லை. கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் கேஸ்கட் ஒரு பக்கம் பல்லிளித்துக்கொண்டிருந்தது. கதவில் காந்தம் வைத்து ஒரு சீட்டு, குண்டு குண்டான எழுத்தில்:

"சோப்பு ஒண்ணு, சீப்பு ஒண்ணு, பல்பு ரெண்டு வேணும்,
போன வாரம் கேட்டதையே இன்னும் இங்க காணோம்."

மளிகைச் சீட்டைக்கூட ராப்பாகவே எழுதுகிறானே பாவி என்று மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உள் அறைக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போன், காலில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு வெடி வந்தான். நேராக ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மெக்கானிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நல்லா பாருங்கண்ணே. தண்ணி ஜில்லுன்னே இல்ல" என்றான் வெடி.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, "திரி ரெடி" என்றார்.

வெடி யோசித்தான். நன்றாகவே யோசித்தான்.

"ஃபிரிட்ஜுக்குள்ள திரியெல்லாம் இருக்குமாண்ணே? எதுவா இருந்தாலும் ஒரிஜினலா போட்டுடுங்க."

மெக்கானிக் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, பல்பு என்னாச்சு?" என்றாள் மனைவி. வெடி அதற்குள் ஹெட்போனைக் காதில் ஏற்றியிருந்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மெக்கானிக் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"கேஸ்கட் போயிடுச்சும்மா" என்றார் மெக்கானிக். தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

"தெரியும்ண்ணே."

அவர் இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். முழுசாய்ப் போகாமல் ஒரு வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "நான் இல்ல. சரி. அந்த அடுப்புக்காரரும் இல்ல, கொசுவலைக்காரரும் இல்ல. அப்ப இவன் யாரைத்தாம்மா இப்படி உருகி உருகித் தேடறான்?"

அவள் ஃபிரிட்ஜ் மேலிருந்த பேனாவை எடுத்தாள். சீட்டில் பல்புக்குக் கீழே, அதே குண்டு எழுத்தில், நிதானமாக ஒரு வரி சேர்த்தாள்.

"கேஸ்கட் போன கதவு இது, சாத்தினாலும் சேராது."

மெக்கானிக் சீட்டைப் பார்த்தார். சாத்தியிருந்த உள் அறைக் கதவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

அவள் பேனாவை மூடினாள்.

"அவர் சும்மா பாடறார்ண்ணே. தேடறது நான்."