நூலைவிடச் சின்னது

"முடியாதுன்னா முடியாதுதான்! இடத்தைக் காலி பண்ணுங்க, நர்சம்மா!"

தையல்காரர் கத்திரிக்கோலை மேசையில் ஓங்கி வைத்தார். எதிரே நின்ற அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவர் இவ்வளவு கத்த மாட்டாருங்க."

"ஒத்திகைன்னா கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கணும். ம், ஆரம்பி."

புதுக் காய்ச்சல் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டது. வீடு வீடாகத் தடுப்பூசி போடும் நர்ஸ் அவள். இன்று ஒரு பிடிவாதக்காரரை எப்படியாவது மடக்கியாக வேண்டும் என்றாள். தையல்காரருக்கு அந்த வேடம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது.

"இந்த ஊசி மருந்துல ஏதோ நானோ துகளாமே? உள்ளே போய் மிஷின் ஓட்டுமாமே?"

"மிஷின் இல்லைங்க. கொழுப்புல செஞ்ச உருண்டை. இந்த நூலோட அகலத்துல ஆயிரக்கணக்குல நிக்கும். கிருமியோட அடையாளத்தை உடம்புக்குள்ள பத்திரமா கொண்டு சேர்க்கும். அப்புறம் கிருமி வந்தா, உடம்பே ஆளைப் பார்த்ததும் பிடிச்சுடும்."

"சேர்த்துட்டு அங்கேயே குடியிருக்குமோ? வாடகை யார் தர்றது?"

"துணி நகராம இருக்கக் குண்டூசி குத்துறாங்க. தைச்சு முடிச்சதும் அதைச் சட்டையிலயா விட்டு வைக்கிறாங்க? வேலை முடிஞ்சதும் உருண்டை கரைஞ்சு போயிடும்."

தையல்காரர் தாடையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் சொல்ற. ஆனா அவன் மசிய மாட்டான். 'நான் கல்லு மாதிரி இருக்கேன், எனக்கு ஒண்ணும் வராது'ம்பான். ஆமா, அந்த வீட்டுல குழந்தை குட்டி உண்டா?"

"ஒண்ணு இருக்கு. ரொம்பச் சின்னது. அதுக்கு ஊசி போட முடியாது. கூட இருக்கிறவங்க போட்டுக்கிட்டாத்தான் அதுக்குப் பாதுகாப்பு."

"அட, இதை முதல்லயே சொல்ல வேண்டாமா?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "மூஞ்சிக்கு நேரா கேளு. உன் வீராப்பு பெருசா, குழந்தை பெருசான்னு. அதுக்கப்புறமும் அவன் கையை நீட்டலேன்னா மனுஷனே இல்ல!"

"கேட்டுடறேன்." அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"இங்கே எதுக்குத் திறக்கிற? கிளம்பு, நேரமாகுது."

"வந்து சேர்ந்துட்டேங்க. இதுதான் அந்த வீடு." அவள் தன் வயிற்றின் மேல் மெல்லக் கை வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க. உங்க வீராப்பு பெருசா, இது பெருசா?"